பணி இடைவெளியும் விமானியின் தகுதியும்

பல்கலைக்கழகப் பட்டம் பெற்ற ஒருவர் அதைப் பெட்டியில் வைத்துப் பூட்டி, முப்பது ஆண்டு கழித்து வெளியே எடுத்தாலும் அவர் பட்டதாரியே. பட்டத்தின் மை மங்கலாம், மதிப்பு மங்குவதில்லை. விமானியின் நிலை வேறானது. இலட்சக்கணக்கில் செலவிட்டு, இரண்டு மூன்று ஆண்டு உழைத்து அவர் பெறும் உரிமம், பெற்ற நாளிலிருந்தே தேயத் தொடங்குகிறது. பறந்துகொண்டே இருப்பவருக்கு அத்தேய்மானம் தெரிவதில்லை. பணியின் ஊடே அது ஈடு செய்யப்பட்டு விடுகிறது. வேலை நின்ற மறுநாள்தான் அது கண்ணுக்குத் தெரிகிறது.

ஒரு வேலைக்கும் அடுத்த வேலைக்கும் இடைப்பட்ட காலத்தில் விமானியின் தகுதி எவ்வாறு குறைகிறது, அதைக் காத்துக்கொள்ளும் வழி யாது, அப்பொறுப்பில் எவருக்கெல்லாம் பங்கு உண்டு என்பவை இவ்வுரையின் பொருள்கள். இது சில ஆயிரம் பேரின் சொந்தத் தொல்லை என்று கருதிவிடலாகாது. பயிற்சி பெற்ற விமானி ஒருவர் தகுதி இழந்து ஒதுங்கும்போது, ஒரு குடும்பத்தின் சேமிப்பும் நாட்டின் மனித வளத்தில் ஒரு பகுதியும் சேர்ந்தே வீணாகின்றன. மறுபுறம், தேய்ந்த தகுதியோடு ஒருவர் மீண்டும் விமானத்தில் ஏறி அமர்ந்தால், அவர் பின்னே அமர்ந்திருக்கும் நூற்றெண்பது பயணிகளின் உயிர் பணயமாகிறது. இவ்விரு இழப்புகளையும் ஒருங்கே தவிர்ப்பது எவ்வாறு என்பதே கேள்வி.

ஒரே உரிமம், பல காலக்கெடுகள்

இந்திய விமானிகளின் உரிமங்களுக்கு நெடுங்காலமாக அடிப்படையாக விளங்கியவை 1934ஆம் ஆண்டின் விமானச் சட்டமும் 1937ஆம் ஆண்டின் விமான விதிகளும் ஆகும். 1934ஆம் ஆண்டுச் சட்டத்திற்குப் பதிலாக 2024இல் இயற்றப்பட்ட பாரதிய வாயுயான் அதினியம், 2025 ஜனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. உரிமம் வழங்குவதும் புதுப்பிப்பதும் சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்தின் பொறுப்பாகும்.

ஊதியம் பெற்று விமானம் ஓட்ட விரும்புபவர் முதலில் பெற வேண்டியது வணிக விமானி உரிமம். இதற்கு 200 மணி நேரப் பறத்தல் அனுபவம் தேவை. பெரிய விமானத்தின் தலைமை விமானியாவதற்குரிய போக்குவரத்து விமானி உரிமத்திற்கு 1,500 மணி நேரம் வேண்டும். இவ்விரு உரிமங்களின் செல்லுபடிக் காலமும் ஐந்து ஆண்டாக இருந்தது. 2023 அக்டோபரில் விதிகள் திருத்தப்பட்டு அது பத்து ஆண்டாக உயர்த்தப்பட்டது. செய்தித்தாளில் இதைப் படித்தவர்கள், இனிப் பத்து ஆண்டுக்குக் கவலையில்லை என்று எண்ணியிருக்கலாம். அவ்வாறு எண்ணுவதற்கில்லை. உரிமம் வெளிக்கூடு போன்றது. அதனுள் தனித்தனிக் காலக்கெடு கொண்ட பல தகுதிகள் அடங்கியுள்ளன. அவை ஒவ்வொன்றும் வெவ்வேறு நாளில் முடிகின்றன.

அவற்றுள் முதலாவது, மருத்துவத் தகுதி. வணிக விமானிக்கு முதல் வகுப்பு மருத்துவச் சான்று வேண்டும். பொதுவாக அது பன்னிரண்டு மாதம் செல்லும். அறுபது வயதைக் கடந்தவர்களுக்கு ஆறு மாதமே. இச்சான்று இல்லையேல் மற்ற எந்தத் தகுதி இருந்தும் விமானத்தைத் தொட இயலாது.

இரண்டாவது, உரிமத்தின் மீது பதியப்படும் சிறப்புத் தகுதிகள். ஆங்கிலத்தில் ‘ரேட்டிங்’ எனப்படும் இவற்றைத் தகுதிப் பதிவுகள் எனலாம். மேகத்தினுள்ளும் இருளிலும் வெளியே பார்க்க இயலாதபோது கருவிகளை மட்டும் நம்பிப் பறப்பதற்கான பதிவு ஒன்று. இது ‘இன்ஸ்ட்ருமெண்ட் ரேட்டிங்’ எனப்படும். இதற்குரிய தேர்வை ஆண்டுதோறும் கொடுத்தாக வேண்டும். ஏர்பஸ் 320, போயிங் 737, ஏ.டி.ஆர். 72 என ஒவ்வொரு விமான வகைக்கும் உரிய வகைப் பதிவு மற்றொன்று. ஏர்பஸ் ஓட்டத் தெரிந்தவர் அப்பதிவைக் கொண்டு போயிங் ஓட்ட முடியாது. அதற்குத் தனியாகப் பயின்று தனியாகத் தேறியிருக்க வேண்டும். இவற்றோடு, விமான நிறுவனத்தில் பணிபுரிபவர் ஆண்டுக்கு இருமுறை திறன் தேர்வுக்கு உட்பட வேண்டும். இயந்திரம் ஒன்று செயலிழத்தல், தீப்பிடித்தல் போன்ற இடர்களைச் சமாளிக்கும் ஆற்றல் அப்போது சிமுலேட்டரில் சோதிக்கப்படுகிறது.

மூன்றாவது, அண்மைப் பழக்கம். கடந்த 90 நாட்களுக்குள் குறைந்தது மூன்று முறை விமானத்தை மேலேற்றி மூன்று முறை தரையிறக்காதவர், பயணி விமானத்தைப் பொறுப்பேற்று ஓட்டலாகாது. இவை தவிர வானொலித் தொலைபேசியை இயக்குவதற்கான சான்றும், ஆங்கில மொழித் திறன் சான்றும் உண்டு. ஆறு படிகளாக வகுக்கப்பட்டுள்ள மொழித் திறனில் நான்காம் படியில் உள்ளவர் மூன்று ஆண்டுக்கு ஒருமுறையும், ஐந்தாம் படியில் உள்ளவர் ஆறு ஆண்டுக்கு ஒருமுறையும் மீண்டும் சோதிக்கப்படுவர்.

இவற்றை ஒன்றன்பின் ஒன்றாக வைத்துப் பார்த்தால், வேலையிழந்த விமானியின் நிலை விளங்கும். மூன்றாம் மாதத்தில் அண்மைப் பழக்கம் போகிறது. ஆறாம் மாதத்திற்குள் திறன் தேர்வின் காலம் முடிகிறது. ஓராண்டுக்குள் மருத்துவச் சான்றும் கருவிவழிப் பறத்தல் பதிவும் காலாவதியாகின்றன. கையில் உள்ள உரிமத்தில் இன்னும் ஒன்பது ஆண்டு செல்லுபடி என்று எழுதியிருக்கும். அவரோ ஒரு மணி நேரமும் பணியில் பறக்க இயலாதவராக இருப்பார்.

காலக்கெடு எதற்காக?

இக்காலக்கெடுகள் அலுவலக நடைமுறைக்காக ஏற்பட்டவை என்று கருதுவோர் உண்டு. இவற்றின் மூலத்தை நோக்கினால் அக்கருத்து நிலைக்காது. 1944 டிசம்பர் 7ஆம் நாள் சிகாகோவில் கையெழுத்தான உடன்படிக்கையின்படி அமைந்த சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு, விமானப் பணியாளர் உரிமங்களுக்கான பொது நெறிகளை 1948இல் ஏற்றுக்கொண்டது. ஒரு நாட்டு விமானி பல நாடுகளின் வானில் பறக்கிறார். அவர் தகுதியுடையவர் என்று அவரது நாடு கூறுவதை மற்ற நாடுகள் நம்பியாக வேண்டும். உரிமத்தில் உள்ள தேதிகள் அந்நம்பிக்கையின் அடையாளங்களாகும்.

மறதியின் இயல்பு பற்றிய ஆராய்ச்சியும் இதையே வலியுறுத்துகிறது. கைப்பழக்கம் எளிதில் மறப்பதில்லை என்பது உலக வழக்கு. நீச்சலும் சைக்கிளும் அப்படித்தான். விமானம் ஓட்டுவதில் இது பாதி உண்மையே. அமெரிக்காவின் நாசா நிறுவன ஆய்வாளர்களும் அவர்களோடு இணைந்தோரும் 2014இல் வெளியிட்ட ஆய்வொன்றில், பதினாறு விமான நிறுவன விமானிகள் போயிங் 747 வகைச் சிமுலேட்டரில் சோதிக்கப்பட்டனர். தானியங்கிக் கருவிகளுக்குப் பழகிப்போன அவ்விமானிகளிடம், கருவிகளை நோட்டமிடுவதும் கையால் இயக்குவதும் பெருமளவு குன்றாமல் இருந்தன. குன்றியிருந்தது சிந்தனைத் திறன். விமானம் தற்போது எங்கே உள்ளது, அடுத்த கட்டம் எது, கருவி தவறாகக் காட்டினால் எதை நம்புவது என்பன போன்ற மனக்கணக்குகளில் அவர்கள் தடுமாறினர்.

இதன் பொருள் கவனத்திற்குரியது. இடைவெளிக்குப் பின் திரும்பும் விமானிக்குத் தம் குறை தெரிவதில்லை. சுக்கானைப் பிடித்தவுடன் கை பழைய வழியில் செல்கிறது. எல்லாம் நினைவிருக்கிறது என்ற துணிவு பிறக்கிறது. வழக்கமான நாளில் அத்துணிவால் கேடில்லை. வழக்கமில்லாத ஒன்று நேரும் நாளில்தான் மறந்தது எது என்பது தெரிய வருகிறது. ஆகவே தம் திறனைத் தாமே மதிப்பிட்டுக்கொள்ளும்படி விமானியிடம் விடாமல், வெளியிலிருந்து ஒருவர் சோதிக்க வேண்டும் என்று விதி கூறுகிறது.

பிற நாடுகள் இதே நோக்கத்தை வெவ்வேறு வழியில் எய்துகின்றன. அமெரிக்காவில் விமானிச் சான்றுக்கு முடிவு நாள் இல்லை. எனினும் பறக்க விரும்புபவர் பொதுவாக 24 மாதத்திற்கு ஒருமுறை பயிற்சியாளருடன் மீள்பார்வைப் பறத்தல் செய்ய வேண்டும். கருவிவழிப் பறத்தலுக்கு முந்தைய ஆறு மாதத்தில் ஆறு முறை கருவிவழி இறங்குமுகப் பயிற்சியும் அதனைச் சார்ந்த பிற பயிற்சிகளும் செய்திருக்க வேண்டும். ஐரோப்பிய விதிகளில் வகைப் பதிவும் கருவிவழிப் பதிவும் ஓராண்டே செல்லும். கருவிவழிப் பதிவு காலாவதியாகி ஏழு ஆண்டு கடந்தால் எழுத்துத் தேர்வையே மீண்டும் எழுத வேண்டும். இடைவெளி நீள நீள, திரும்பும் வழியும் நீள்கிறது என்பதே எல்லா முறைகளுக்கும் பொதுவான தத்துவம்.

இடைவெளி எவ்வாறு நேர்கிறது?

1953இல் விமான நிறுவனங்கள் தேசியமயமாக்கப்பட்ட பின் ஏறத்தாழ நாற்பது ஆண்டுக் காலம், அட்டவணைப்படியான சேவை பெரும்பாலும் அரசு நிறுவனங்களின் கையில் இருந்தது. பணியில் சேர்ந்த விமானி ஓய்வு பெறும் வரை அங்கேயே பறந்தார். இரு வேலைகளுக்கு இடைப்பட்ட காலம் என்ற பேச்சுக்கே அன்று இடம் குறைவு. 1994இல் அச்சட்டம் நீக்கப்பட்டுத் தனியார் நிறுவனங்கள் பெருகியதும் வேலை வாய்ப்பு விரிந்தது. அதனோடு நிலையின்மையும் வந்தது. 2012 அக்டோபரில் கிங்ஃபிஷர் நிறுவனத்தின் விமானங்கள் நின்றன. 2019 ஏப்ரல் 17ஆம் நாள் ஜெட் ஏர்வேஸ் தன் கடைசிப் பயணத்தை முடித்தது. 2023 மே 3ஆம் நாள் கோ ஃபர்ஸ்ட் பறப்பதை நிறுத்தியது. துறை பொதுவாக வளர்ந்துவந்த காலத்திலேயே இவை நிகழ்ந்தன என்பது நினைவிற்கொள்ளத்தக்கது.

நிறுவனம் மூடப்படும் முறையும் விமானியைப் பாதிக்கிறது. ஜெட் ஏர்வேஸை மீண்டும் நடத்தும் திட்டம் 2021 ஜூனில் கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயத்தால் ஏற்கப்பட்டது. 2022 மே மாதம் அதற்குப் பறக்கும் அனுமதியும் திரும்பக் கிடைத்தது. எனினும் பயணிகளை ஏற்றிக்கொண்டு ஒரு விமானமும் கிளம்பவில்லை. 2024 நவம்பரில் நிறுவனத்தைக் கலைக்குமாறு உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. இன்று திறக்கும், நாளை திறக்கும் என்று காத்திருந்த எவருக்கும் அந்த ஐந்தரை ஆண்டில் எத்தனை காலக்கெடுகள் கடந்திருக்கும் என்பதை மேலே கூறியவற்றிலிருந்து கணக்கிட்டுக்கொள்ளலாம்.

வகைப் பதிவு இச்சிக்கலை மேலும் கடுமையாக்குகிறது. 2019இல் வேலையிழந்த போயிங் 737 விமானி ஒருவரை எடுத்துக்கொள்வோம். இந்தியாவின் மிகப் பெரிய நிறுவனமான இண்டிகோவின் விமானங்களில் பெரும்பான்மை ஏர்பஸ் 320 குடும்பத்தைச் சேர்ந்தவை. அங்குச் செல்ல அவர் புதிய வகைப் பதிவு பெற வேண்டும். அதற்கான செலவு பல இலட்ச ரூபாய். 737 வகையையே ஓட்டும் புதிய நிறுவனமான ஆகாசா ஏர் தன் முதல் பயணத்தைத் தொடங்கியது 2022 ஆகஸ்ட் 7ஆம் நாள். இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ மூன்று ஆண்டும் நான்கு மாதமும் கழிந்தன. அந்த இடைக்காலத்தில் தம் தகுதியை ஏதோ ஒரு வகையில் உயிரோடு வைத்திருந்தவர் எளிதில் உள்ளே நுழைந்திருப்பார். முற்றிலும் விட்டுவிட்டவர் ஏறத்தாழ அடியிலிருந்து தொடங்கியிருப்பார்.

வேலையிழந்தவர்கள் மட்டுமன்றி, முதல் வேலைக்குக் காத்திருப்போரும் இந்நிலையில் உள்ளனர். 2021இல் 862 வணிக விமானி உரிமங்கள் வழங்கப்பட்டன. 2023இல் அவ்வெண்ணிக்கை 1,622 ஆக உயர்ந்தது. ஆனால் நிறுவனங்கள் ஆள் எடுப்பது ஆண்டு முழுவதும் சீராக நடைபெறுவதில்லை. 200 மணி நேர அனுபவத்தோடு வெளிவரும் இளைஞருக்குத் திறன் வேரூன்றியிருப்பதில்லை. எனவே அது விரைவில் தேய்கிறது. கல்விக் கடனைத் திருப்பிச் செலுத்தும் சுமையும் அவருக்கே மிகுதி.

மகளிர் விமானிகளின் நிலை தனியே கருதத்தக்கது. 2023இல் புதிதாக உரிமம் பெற்றோருள் ஏறத்தாழ 18 விழுக்காட்டினர் பெண்கள். கருவுற்ற காலத்தில் பறப்பதற்கு மருத்துவக் கட்டுப்பாடுகள் உண்டு. இயல்பான கருப்பத்தில், பன்னிரண்டாவது வார முடிவிலிருந்து இருபத்தாறாவது வார முடிவு வரை மட்டுமே தகுதி அளிக்கலாம் என்பது சர்வதேசப் பரிந்துரை. அதன்பின் மகப்பேறு, குழந்தைப் பராமரிப்பு எனச் சேரும்போது இடைவெளி ஓராண்டை எளிதில் எட்டுகிறது. 2017இல் திருத்தப்பட்ட மகப்பேறு நலச் சட்டம் 26 வார விடுப்பை உறுதி செய்தது. விடுப்பு முடிந்து திரும்பும் நாளில் அலுவலக ஊழியர் தம் மேசைக்குச் செல்கிறார். விமானியோ மருத்துவச் சோதனை, சிமுலேட்டர் பயிற்சி, மேற்பார்வைப் பறத்தல் ஆகிய மூன்றையும் கடந்த பின்னரே தம் இருக்கைக்குச் செல்ல முடியும்.

எதை முதலில் காப்பது?

வருவாய் நின்ற காலத்தில் எல்லாத் தகுதிகளையும் ஒருசேரப் புதுப்பித்துக்கொண்டிருப்பது எவருக்கும் இயலாத காரியம். எது முதலில், எது பின்னர் என்று வரிசைப்படுத்துவதே அறிவுடைமை. மீட்க நெடுங்காலம் பிடிப்பதை முதலில் காக்க வேண்டும்; பணம் கொடுத்தால் சில நாட்களில் மீட்கக்கூடியதைக் கடைசிக்கு விடலாம்.

பாதுகாப்பு, வேலையில் இருக்கும்போதே தொடங்க வேண்டும். நிறுவனத்தில் சம்பளம் தாமதமாகத் தொடங்கிய நாள் முதலே எச்சரிக்கை தேவை. அடுத்த திறன் தேர்வையும் கருவிவழித் தேர்வையும் காலம் இருக்கும்போதே முடித்துக்கொண்டால், இடைவெளி முழுக் காலக்கெடுவோடு தொடங்கும். பறத்தல் பதிவேட்டை நாள்வரை எழுதி, உரிய அதிகாரியின் சான்றொப்பம் பெற்றிருக்க வேண்டும். பயிற்சி, தேர்வு ஆவணங்களின் படிகளையும் கேட்டுப் பெற்றுக்கொள்வது இன்றியமையாதது. நிறுவனம் மூடிய பின் கையொப்பமிட ஆள் இருக்கமாட்டார். பறந்த மணிகளை மெய்ப்பிக்கவும் வழியிருக்காது.

வரிசையில் முதலிடம் மருத்துவச் சான்றுக்கே உரியது. அதற்காகும் செலவு மற்றவற்றை நோக்கச் சிறிது. ஆனால் இரத்த அழுத்தமோ சர்க்கரையோ எல்லை மீறியிருப்பின் தற்காலிகத் தகுதியின்மை அறிவிக்கப்படும். சிகிச்சை, மறுசோதனை என மாதங்கள் கழியும். எந்தப் பணமும் அக்காலத்தைச் சுருக்காது. வேலையில்லாத காலத்தின் மனக்கவலை உடலையும் தாக்குகிறது என்பதை நோக்கும்போது, உணவும் உடற்பயிற்சியும் உறக்கமும் கூட விமானியின் தகுதிப் பாதுகாப்பில் அடங்கும் எனலாம்.

அடுத்தது உரிமமும் கருவிவழிப் பதிவும். இவற்றுக்குப் பெரிய விமானம் தேவையில்லை. பறத்தல் கழகங்களின் சிறிய விமானத்தில் மாதந்தோறும் ஓரிரு மணி நேரம் பறப்பது, புதுப்பித்தலின்போது அண்மைக் காலப் பறத்தலுக்குச் சான்றாவதோடு கண்ணையும் காதையும் பழக்கத்தில் வைக்கிறது. வானொலி உரையாடலும், வானிலை அறிக்கையைப் படிப்பதும், எரிபொருள் கணக்கிடுவதும் சிறிய விமானத்திலும் பெரிய விமானத்திலும் ஒன்றே. கருவிவழித் தேர்வை இரட்டை இயந்திரச் சிறு விமானத்தில் கொடுக்கலாம்.

இதனினும் சிறந்த வழி, பயிற்சியாளர் தகுதி பெறுவது. பயிற்சியாளருக்குரிய பதிவைப் பெற்றவர் பறத்தல் பள்ளியில் பணியாற்றி, செலவழித்துப் பறப்பதற்குப் பதிலாக ஊதியம் பெற்றுப் பறக்கிறார். மாணவனின் தவறுகளைக் கண்டு திருத்துபவருக்கு அடிப்படைப் பாடம் மறப்பதில்லை. ரேபரேலிக்கு அருகே ஃபுர்சத்கஞ்சில் உள்ள இந்திரா காந்தி ராஷ்ட்ரிய உரான் அகாடமி முதல் மாநிலங்களின் பறத்தல் கழகங்கள் வரை, நல்ல பயிற்சியாளருக்கு எங்கும் தேவை உண்டு. வேலையில்லாக் காலத்தில் அனுபவமுள்ள விமானி ஒருவர் அங்குச் சேர்வது இரு தரப்புக்கும் நன்மை.

செலவே இல்லாத வழியும் ஒன்று உண்டு. முதலில் மறப்பது சிந்தனைத் திறன் என்று ஆய்வு காட்டுவதால், அதைக் காக்கப் புத்தகமும் நாற்காலியும் போதும். தம் விமான வகையின் கையேட்டை வாரந்தோறும் ஒரு பகுதியாகப் படித்தல், நெருக்கடி நடைமுறைகளை மனப்பாடமாகச் சொல்லிப் பார்த்தல், விமானத்தின் கருவிப் பலகைப் படத்தைச் சுவரில் ஒட்டி அதன்முன் அமர்ந்து, தொடக்கம் முதல் தரையிறக்கம் வரை ஒவ்வொரு விசையையும் விரலால் தொட்டுக்காட்டிப் பழகுதல் ஆகியவை பழைய விமானிகள் கைக்கொண்ட முறைகள். இரண்டு நண்பர்கள் சேர்ந்து, ஒருவர் கேள்வி கேட்க மற்றவர் விடை கூறுவது இன்னும் நன்று.

வகைப் பதிவும் சிமுலேட்டர் தேர்வும் இறுதியில் வருகின்றன. பெரிய விமானத்தின் சிமுலேட்டருக்கு மணிக்கணக்கில் வாடகை. ஓர் அமர்வுக்கே பெருந்தொகை ஆகும். வேலை எப்போது கிடைக்கும் என்று தெரியாத நிலையில் அதைப் புதுப்பித்துவிட்டு, ஆறு மாதத்தில் மீண்டும் காலாவதியாக விடுவது ஆற்றில் கரைத்த புளிக்கு ஒப்பாகும். நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு வரும் அறிகுறி தெரியும்போது அச்செலவை மேற்கொள்வதே முறை. ஆயினும் இடைவெளி ஆண்டுக்கணக்கில் நீண்டால் தேவைப்படும் மறுபயிற்சியின் அளவு படிப்படியாக ஏறும். முடிவில் முழு வகைப் பயிற்சியையும் திரும்பப் பெற நேரும். அந்த எல்லைகளை விதிகளில் பார்த்துக் குறித்துவைத்துக்கொண்டு, எல்லையைத் தாண்டுமுன் ஒருமுறையேனும் பயிற்சி பெறுவது சிக்கனம்.

பேனாவால் பறந்த மணிகள்

இவ்விடத்தில் ஒரு தீமையைக் குறிப்பிடாமல் செல்வதற்கில்லை. பறக்கப் பணமில்லாதபோது, பறந்ததாக எழுதிக்கொள்ளும் ஆசை எழுகிறது. விமானிகளின் பேச்சு வழக்கில் இதற்குப் ‘பார்க்கர் பேனா மணிகள்’ என்று ஒரு கேலிப் பெயரே உண்டு. இரண்டாம் உலகப் போரில் புகழ் பெற்ற பி-51 போர் விமானத்தின் பெயரும் பார்க்கர் 51 பேனாவின் பெயரும் ஒத்திருப்பதால் எழுந்த நகைச்சுவை இது. ஆனால் இதில் நகைப்பதற்கு ஒன்றுமில்லை. 2011இல் போலி ஆவணங்கள் கொடுத்து உரிமம் பெற்ற சிலர் கைதானபோது, நேர்மையாகப் பயின்ற அனைவரும் ஐயத்திற்கு ஆளாயினர்; உரிம ஆவணங்கள் பரவலாக மறு ஆய்வு செய்யப்பட்டன.

எழுதிய மணி கையில் பழக்கத்தைத் தராது. மழையும் பக்கக் காற்றும் சேர்ந்த இரவில் ஓடுபாதை தெரியாமற் போகும்போது, பதிவேட்டின் பக்கங்கள் துணைக்கு வருவதில்லை. தேதி கடந்த உரிமத்தை மீட்க வழி உண்டு. பொய்யென நிறுவப்பட்ட பதிவேட்டை மீட்க வழி இல்லை.

நிறுவனங்களின் பங்கு

தகுதியைக் காக்கும் கடமை விமானிக்கே முதன்மையானது எனினும், அதன் முழுச் சுமையையும் வருவாய் இழந்த ஒருவர் தலைமேல் வைப்பது நியாயமாகாது; நாட்டுக்கும் அது இலாபமன்று. நிறுவனங்கள் நூற்றுக்கணக்கான புதிய விமானங்களுக்கு ஆணை கொடுத்துள்ள இந்நாளில், புதிதாக ஒருவரை உருவாக்குவதைக் காட்டிலும் பயின்ற ஒருவரைத் தகுதியில் வைத்திருப்பது விரைவும் சிக்கனமும் உடையது.

இத்துறையில் அலுவலர்கள் கருதத்தக்க செயல்கள் சில உள்ளன. பறத்தல் கழகங்களில் வேலையில்லா விமானிகளுக்குச் சலுகைக் கட்டணத்தில் மாதம் சில மணி நேரம் ஒதுக்கலாம். இரவு நேரத்தில் காலியாகக் கிடக்கும் சிமுலேட்டர்களைக் குறைந்த வாடகைக்குக் குழுவாகப் பயன்படுத்த ஏற்பாடு செய்யலாம். கல்விக் கடன் வழங்கும் வங்கிகள், முதல் பயிற்சிக்குக் கொடுப்பதுபோல் தகுதியைப் புதுப்பிக்கவும் சிறு கடன் கொடுப்பது, தாம் முன்பு கொடுத்த பெருங்கடனைக் காப்பதே ஆகும். நொடித்துப்போன நிறுவனத்தின் நிர்வாகத்தை ஏற்கும் அதிகாரி, முதற்காரியமாக விமானிகளின் பயிற்சி ஆவணங்களைச் சான்றளித்து ஒப்படைக்க வேண்டும் என்ற நியதி இருப்பின், அதற்கு ஆகும் செலவு ஒன்றுமில்லை, பயனோ பெரிது. மகப்பேற்றுக்குப் பின் திரும்பும் விமானிக்குரிய மறுபயிற்சியை விடுப்பு முடியுமுன்பே திட்டமிட்டு வைப்பதும் இவ்வகையைச் சேர்ந்ததே.

செய்யத் தகாதது ஒன்றும் உண்டு. இடர் நேரும்போதெல்லாம் தேதியை மட்டும் நீட்டிக் கொடுப்பது எளிய வழியாகத் தோன்றும். 2020 மார்ச் 25ஆம் நாள் முதல் இரண்டு மாதம் இந்தியாவில் உள்நாட்டுப் பயணி விமானங்கள் நின்றிருந்தன. உலகெங்கும் சிமுலேட்டர்களும் மருத்துவ மையங்களும் மூடிக் கிடந்த அக்காலத்தில், பல நாடுகள் உரிமங்களுக்கும் சான்றுகளுக்கும் தற்காலிக நீட்டிப்பு அளித்தன. அத்தகைய மாறுதல்களை நாடுகள் ஒன்றுக்கொன்று அறிவிக்கச் சர்வதேச அமைப்பு தனி ஏற்பாடு செய்தது. அந்நாளில் அது தவிர்க்க முடியாத செயல். ஆனால் தேதி நீண்டதேயன்றித் திறன் நீளவில்லை. சேவை திரும்பத் தொடங்கியபோது, விமானிகளைப் படிப்படியாகப் பழக்கத்திற்குக் கொண்டுவர வேண்டியிருந்தது. காகிதத்தின் காலத்தையும் திறனின் காலத்தையும் ஒன்றெனக் கொள்வது ஆபத்து என்பதை அவ்வாண்டு எல்லாருக்கும் கற்பித்தது.

முடிவுரை

1929 பிப்ரவரியில் ஜே.ஆர்.டி. டாட்டா முதல் எண்ணுடைய இந்திய விமானி உரிமத்தைப் பெற்றார். மூன்றரை ஆண்டு கழித்து, 1932 அக்டோபர் 15ஆம் நாள், கராச்சியிலிருந்து அகமதாபாத் வழியாக பம்பாய்க்குத் தபால் விமானத்தை ஓட்டிச் சென்றார். இந்திய விமானச் சேவையின் தொடக்கம் அது. ஐம்பது ஆண்டு நிறைவில், 1982இல், எழுபத்தெட்டு வயதில் அதே வழியில் மீண்டும் தாமே ஓட்டிக் காட்டினார். உரிமத்தின் முதல் எண் அவரிடம் இருந்தது பெருமைதான். ஐம்பது ஆண்டு கழித்தும் அதைப் பயன்படுத்தும் திறன் அவரிடம் இருந்தது அதனினும் பெரிது.

இன்று பறத்தல் பள்ளியில் பயிலும் மாணவர், தம் பணிக்காலத்தில் ஒருமுறையேனும் இடைவெளியைச் சந்திக்க நேரும் என்று எதிர்பார்த்தே வாழ்வைத் திட்டமிட வேண்டும். நல்ல ஆண்டுகளின் வருவாயில் ஒரு பகுதியை அதற்கென ஒதுக்குவது குடியானவன் விதைநெல்லை ஒதுக்குவது போன்றது. பஞ்சத்திலும் அதை உண்ணலாகாது. அலுவலர்களோ, அந்த விதைநெல் கெடாமல் இருக்கக் களஞ்சியம் அமைத்துத் தரக் கடமைப்பட்டவர்கள். இரு சாராரும் தத்தம் பங்கைச் செய்தால், நாடு பயிற்றுவித்த விமானி நாட்டுக்கு இழப்பாகமாட்டார். அவரை நம்பி விமானமேறும் பயணிக்கும் பாதுகாப்பில் குறை நேராது.